நூற்றுப் பத்து விநாடி

சாவியைத் திருப்பியதும் எங்கள் பத்மினி ஸ்டார்ட் ஆகிவிடும். தொல்லையே அதுதான். ஸ்டார்ட் ஆகாத வண்டி என்றால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் ஒரு ஒர்க்ஷாப்பில் விட்டுவிடலாம். இதுவோ சமர்த்தாக உறுமும். நான் இறங்கிப்போய் கேட்டைத் திறப்பேன். வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவந்து, கேட்டைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தால், ஒரு தும்மல், ஒரு குலுக்கல், அவ்வளவுதான். பத்து நிமிடம் பொறுத்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி கிளம்பும். மறுபடி நிற்கும். 2025 ஜூலை முழுக்க, புனேயின் விடாத மழையில், எங்கள் தெருவுக்கு இது காலை வேடிக்கையாக இருந்தது.

வண்டி என் அப்பாவுடையது. 1963-ல் ஆரணியிலிருந்து கிளம்பி, கட்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். கட்கி, தாபோடி, தேஹு ரோடு என்று ராணுவக் கிடங்கும் தொழிற்சாலையும் இருந்த இடங்களிலெல்லாம் தமிழ்க் குரல் கேட்ட காலம் அது. பரிசோதனைப் பிரிவில் வேலை. என்ன பரிசோதனை என்று வீட்டில் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. 1988-ல் பிராவிடண்ட் ஃபண்டில் கடன் எடுத்து, 1984 மாடல் பிரீமியர் பத்மினியை செகண்ட் ஹாண்டில் வாங்கினார். மாருதி 800 வந்து ஐந்து வருடமாகியிருந்தது. "அது தகர டப்பா. இது வண்டி" என்பது அவர் தீர்ப்பு.

பத்மினியின் பூர்வீகம் இத்தாலி. ஃபியட் 1100 என்ற பெயரில் பம்பாய் குர்லாவில் தயாரானது. 1974-ல் பத்மினி ஆயிற்று. 1089 சிசி என்ஜின், ஸ்டியரிங் தண்டிலேயே கியர். 2000-ஐ ஒட்டி உற்பத்தி நின்றது. 2023 அக்டோபர் 30-லிருந்து மும்பைத் தெருக்களிலும் பத்மினி டாக்ஸி இல்லை. கடைசி டாக்ஸிக்கும் இருபது வருட வரம்பு முடிந்துவிட்டது. டாக்ஸிகள் போனபோது அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த மிஸ்திரிகளும் ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போனார்கள். இது எவ்வளவு பெரிய இழப்பு என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எக்ஸ்பிரஸ்வே வருவதற்கு முன், கோடை விடுமுறையில் பம்பாயிலிருந்து திரும்பும்போது, போர் காட் ஏற்றத்தில் வண்டி கட்டாயம் ஒரு முறை நிற்கும். வெயிலிலும் என்ஜின் சூட்டிலும் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். பம்ப்புக்குத் திரவத்தைத் தள்ளத் தெரியும், ஆவியைத் தள்ளத் தெரியாது. அப்பா பதறியதே இல்லை. பானெட்டைத் தூக்கி, நனைத்த துண்டை ஃபியூயல் பம்ப்பின் மேல் போர்த்துவார். பிறகு ஹெச்எம்டி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மதகுச் சுவரில் உட்கார்ந்துவிடுவார். "இருபது நிமிஷம்" என்பார். இருபது நிமிடத்தில் வண்டி கிளம்பும்.

2023 கடைசியில் அவருக்கு பக்கவாதம் வந்தது. கை கால் பெரும்பாலும் தேறிவிட்டன, பேச்சுதான் முழுசாகத் திரும்பவில்லை. ஒரு வாக்கியத்தை ஆரம்பிப்பார். நடுவில் வார்த்தை கிடைக்காமல் நின்றுவிடுவார். என்ன சொல்ல வருகிறார் என்று ஊகித்து நாங்களே முடித்துவிடுவோம். "காபியா?" "மாத்திரை சாப்பிட்டாச்சுப்பா." "ஃபேனைக் குறைக்கணுமா?" பாதி நாள் எங்கள் ஊகம் தவறு. திருத்துவதற்கு இன்னொரு வாக்கியம் வேண்டுமே. அதனால் தலையை ஆட்டிவிடுவார். கொஞ்ச நாளில் வாக்கியத்தை ஆரம்பிப்பதையே குறைத்துக்கொண்டார். அன்பினால் செய்ததாகத்தான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

வண்டி நின்று நின்று போக ஆரம்பித்ததும் முதலில் ஒரு ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். "கரண்ட் கோளாறு" என்றார்கள். பேட்டரி, பிளக், கண்டன்சர், காயில் எல்லாம் புதிது. ஒரு நாள் ஓடிய மாதிரி இருந்தது, மறுநாள் பழைய கதை. அடுத்த ஒர்க்ஷாப்பில் "பெட்ரோல் கோளாறு" என்றார்கள். கார்ப்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஃபியூயல் பம்ப்பையும் மாற்றி, பெட்ரோல் குழாயில் கம்ப்ரஸர் காற்றடித்து "லைன் கிளியர்" என்று சொல்லி அனுப்பினார்கள். வீடு வரை வந்தது. மறுநாள் கேட்டருகே நின்றது. இரண்டு இடத்திலும் சேர்த்து 11,400 ரூபாய். யாரும் ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன். மாற்றிய பாகங்கள் எல்லாம் நல்லவைதான். ஆனால் கழற்றியவையும் நல்லவையாகத்தான் இருந்திருக்கின்றன.

ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகன் கணக்குப் போட்டுக் காட்டினான். பழைய வண்டிக்கு ரிஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. 2024-ல் அதைக் கட்டினோம். இப்போது இந்தச் செலவு. "ஸ்க்ராப்புக்குக் கொடுத்துடலாம்பா. தாத்தா இனிமே ஓட்டப்போறதில்ல" என்றான். நியாயம்தான். பழைய இரும்புக்காரர் வந்து பார்த்து 28,000 சொன்னார். திங்கட்கிழமை வண்டியை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அப்பா வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "நூத்தி..." என்று ஆரம்பித்தார். "நூறு இல்ல தாத்தா, இருபத்தெட்டாயிரம்" என்றான் மகன். அப்பா தலையை ஆட்டினார்.

அன்றிரவு அம்மா என்னிடம் வந்தாள். "ஆடிக் கிருத்திகைக்கு தேஹு ரோடு முருகன் கோவிலுக்கு அவர் வண்டியில போகணும்னு நினைக்கிறார். வாயால சொல்லல, எனக்குத் தெரியும். அது வரைக்குமாவது ஓடாதா?" என்றாள்.

மறுநாள் நானா பேட்டுக்குப் போனேன். புனேயில் பழைய வண்டிக்கு ஒரு திருகாணி வேண்டும் என்றாலும் அங்கேதான் போகவேண்டும். ஒரு உதிரிபாகக் கடைக்காரர், மும்பையில் டாக்ஸிகள் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு மிஸ்திரியின் வீட்டைக் காட்டினார். எழுபதைத் தொடும் மராட்டியர். கூப்பிட்டால் ஸ்கூட்டரில் வருவார். சனிக்கிழமை காலை ஒரு கான்வாஸ் பையுடன் வந்தார்.

வந்தவர் பானெட்டைத் திறக்கவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார். "கித்னி தேர் சல்தி ஹை?" எவ்வளவு நேரம் ஓடுகிறது?

"கொஞ்ச நேரம்" என்றேன்.

"கொஞ்ச நேரம்னா?"

"ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் இருக்கும். சில சமயம் அஞ்சு நிமிஷம் கூட."

அவர் முகத்தில் திருப்தி இல்லை. அப்போது வராந்தாவிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "ஏக் ஸௌ..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டார்.

"அப்பா, மாத்திரை அப்புறம் தர்றேன்" என்று நான் திரும்பினேன். மிஸ்திரி என்னை நோக்கிக் கையை உயர்த்தினார். இரு என்கிற மாதிரி. படியேறிப் போய் அப்பாவின் எதிரே நின்றார். ஒன்றும் பேசவில்லை. அவசரமும் காட்டவில்லை. தெருவில் ஒரு பால் வண்டி கடந்து போனது. அப்பாவின் உதடுகள் அசைந்தன.

"தஸ். ஏக் ஸௌ தஸ்."

"நூத்திப் பத்து விநாடியா, அண்ணா?"

இந்த ஊரில் தமிழன் யாராக இருந்தாலும் அண்ணாதான். அப்பா ஆமென்று தலையாட்டி, சுவரில் தொங்கிய காலநிர்ணய் காலண்டரைக் காட்டினார். நான்தான் எடுத்துவந்து கொடுத்தேன். ஜூலைத் தாளின் பின்பக்கத்தில், நடுங்கும் எழுத்தில், தேதி போட்டு எண்கள் வரிசையாக இருந்தன. 108. 112. 110. 35. 111. 109. அந்தக் காலண்டரை நான் தினமும் பார்க்கிறேன். பால் கணக்கு என்று நினைத்திருந்தேன்.

"இந்த 35?" என்று கேட்டார் மிஸ்திரி. அப்பா என்னைக் காட்டி, சாவி திருப்புவது போலக் கையை அசைத்தார். எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு நாள் ஆபீஸுக்கு நேரமாகிவிட்டதென்று காத்திருக்காமல் உடனே ஸ்டார்ட் செய்தேன். மிஸ்திரி சிரித்தார். "அண்ணா முக்கால் வேலைய முடிச்சுட்டார்" என்றார்.

பிறகு டீ குடித்துக்கொண்டே விளக்கினார். ஸ்டார்ட் ஆகி நின்றுபோகிற வண்டி, எத்தனை நேரம் ஓடியது என்பதிலேயே தன் வியாதியைச் சொல்லிவிடும். சாவியை விட்ட மறு கணமே நின்றால், செல்ஃப் சுற்றும்போது வருகிற கரண்ட் அதன் பிறகு வரவில்லை என்று அர்த்தம். இக்னிஷன் ஸ்விட்ச்சையும் அதன் ஒயரையும் பார்க்கவேண்டும். ஐந்து பத்து விநாடியில் திணறி நின்றால் சோக் சரியாக வேலை செய்யவில்லை, அல்லது ஸ்லோ ஜெட்டில் அழுக்கு, அல்லது கார்ப்பரேட்டருக்கு அடியில் எங்கோ காற்று உள்ளே போகிறது. கால் மணி நேரம் நன்றாக ஓடிச் சூடான பிறகு நின்றால் கண்டன்சர் அல்லது காயில். இல்லாவிட்டால் பெட்ரோல் டாங்க் மூடியில் காற்றுத் துவாரம் அடைத்திருக்கும். மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று சத்தம் கேட்டால் அதுதான். இஞ்ஜெக்ஷன் வைத்த பிந்தைய வண்டிகளில் இரண்டே விநாடியில் நின்றால், சாவியை வண்டி அடையாளம் கண்டுகொள்ளவில்லையா என்றும் பார்க்கவேண்டும்.

"ஒரே மாதிரி ரெண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவா ஓடினா?" என்றேன்.

கார்ப்பரேட்டருக்குள் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது. அதில் மிதவை ஒன்று. பெட்ரோல் குறைந்தால் மிதவை இறங்கி வழி விடும், நிரம்பினால் ஏறி அடைத்துக்கொள்ளும். அதில் பிடிப்பது ஒரு வாய் தண்ணீர் அளவுதான். வண்டி நின்ற இடத்தில் மெதுவாக ஓட, அந்த ஒரு வாய் ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்குப் போதும். ஆக, எங்கள் வண்டி கிண்ணத்தில் இருந்ததைக் குடித்துவிட்டு, அடுத்த வாய் வராமல் நின்றிருக்கிறது. தினமும் அதே நேரம் என்றால் தினமும் அதே கிண்ணம். காத்திருக்காமல் ஸ்டார்ட் செய்த நாளில் கிண்ணம் சரியாக நிரம்பவில்லை, அதனால் 35. கரண்ட் கோளாறாக இருந்தால் இப்படி கடிகாரம் வைத்த மாதிரி நிற்காது.

ஊகம் சரியா என்று பார்க்கத்தான் பானெட்டைத் திறந்தார். பையிலிருந்து ஆஸ்பத்திரியில் நரம்பில் ஏற்றுவார்களே, அந்த மாதிரி ஒரு பிளாஸ்டிக் பாட்டில் வெளியே வந்தது. அதில் பெட்ரோல் ஊற்றி, பானெட்டின் கொக்கியில் தொங்கவிட்டு, டியூபை நேரே கார்ப்பரேட்டரில் மாட்டினார். சூடான என்ஜின் மேல் பெட்ரோல் என்பது விளையாட்டில்லை. பக்கத்தில் பீடியுடன் நின்றவரை அதட்டித் துரத்திவிட்டுத்தான் சாவியைத் திருப்பச் சொன்னார். வாசகர்கள் யாரும் வீட்டில் இதைச் செய்து பார்க்கவேண்டாம்.

வண்டி ஓடியது. அப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 110 தாண்டியது. 200 தாண்டியது. பத்து நிமிடம் ஆகியும் நிற்கவில்லை. என் புது காயில், கண்டன்சர், பிளக் எல்லாம் குற்றமற்றவை என்று தீர்ப்பாயிற்று. கார்ப்பரேட்டரும் தப்பித்தது. அடுத்து பம்ப்பின் பின்பக்கக் குழாயைக் கழற்றி, தரையில் வைத்த கேனில் ஒரு டியூபை விட்டு அதை பம்ப்பில் மாட்டினார். அப்போதும் ஓடியது. பம்ப்பும் நிரபராதி. மிச்சம், டாங்கிலிருந்து பம்ப் வரைக்குமான குழாய்தான்.

"அதுல காத்தடிச்சுப் பார்த்துட்டாங்களே" என்றேன்.

"எந்தப் பக்கத்திலேர்ந்து?"

முன்பக்கத்திலிருந்து. மிஸ்திரி ஒன்றும் சொல்லாமல் சாக்கை விரித்து வண்டிக்குப் பின்னால் அடியில் போனார். டாங்கையும் இரும்புக் குழாயையும் இணைக்கும் ஒரு சாண் ரப்பர் ஹோஸைக் கழற்றிக்கொண்டு வந்தார். வெளியே பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிளேடால் நீளவாக்கில் பிளந்தார். உள்தோல் ஊறிப் பெயர்ந்து ஒரு நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. பம்ப் இழுத்தால் நாக்கு வந்து வழியை அடைக்கும். வண்டி நின்று இழுப்பு தளர்ந்ததும் மெல்ல விட்டுக்கொடுக்கும். அடுத்த முறை செல்ஃப் அடிக்கும்போது கிண்ணம் நிரம்புகிற அளவுக்கு வழி விட்டு, திரும்ப அடைத்துக்கொள்ளும். முன்னாலிருந்து காற்றடித்தபோது காற்று நாக்கை ஒதுக்கிக்கொண்டு பின்னால் போய்விட்டது. லைன் கிளியர்!

"எத்தனால்" என்றார் மிஸ்திரி, அந்த நாக்கைத் தடவிக்கொண்டே. 2022-ல் பெட்ரோலில் நூற்றுக்குப் பத்து பங்கு எத்தனால் கலக்கும் இலக்கை நாடு எட்டியது. 2023 பிப்ரவரியில் இருபது பங்கு கலந்த பெட்ரோல் சில பங்க்குகளில் வந்து, 2025-ல் எங்கும் பரவியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரை ஊறவைக்கும். டாங்கில் வருடக்கணக்காகப் படிந்த அழுக்கைக் கரைத்து ஓடவிடும். புது வண்டிகளின் ரப்பர் அதற்கேற்பச் செய்யப்பட்டது. 1980-களின் ரப்பருக்கு இந்தச் சங்கதி தெரியாது. பழைய வண்டிகள் சிலவற்றில் ரப்பர் பாகங்களை மாற்றவேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025-ல் சொன்னது. இந்தக் கலப்பில் ரப்பரும் உலோகமும் என்ன ஆகின்றன என்று சோதித்த நிறுவனங்களில் ஒன்று, 1966-ல் தொடங்கிய ஏஆர்ஏஐ. அது எங்கள் புனேயின் வேதாள் குன்றில்தான் இருக்கிறது. எனக்கு விஷயம் தெரிய மிஸ்திரி ஸ்கூட்டரில் வரவேண்டியிருந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பத்மினியைத் தயாரித்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸை 1944-ல் ஆரம்பித்தவர் சோலாப்பூரில் பிறந்த வால்சந்த் ஹீராசந்த். புனே மாவட்டத்திலேயே அவர் பெயரில் வால்சந்த்நகர் என்ற ஊர் இருக்கிறது. அவர் சர்க்கரை ஆலை வைத்து, சுற்றிலும் கரும்பு பயிரிட்ட இடம். இன்று பெட்ரோலில் சேரும் எத்தனாலில் ஒரு பங்கு கரும்பிலிருந்துதான் வருகிறது. அவருடைய கம்பெனியின் கார், அவர் வளர்த்த பயிரின் சாராயத்தால் எங்கள் கேட்டருகே மயங்கி விழுந்திருக்கிறது. இதை மிஸ்திரியிடம் சொன்னேன். "எத்தனால் மேல கோபப்பட்டு என்ன? ஹோஸை நாலு வருஷத்துக்கொரு தரம் மாத்துங்க" என்றார்.

எத்தனால் தாங்கும் புது ஹோஸ், முன்னுக்கும் பின்னுக்கும் சேர்த்து அரை மீட்டர், நான்கு கிளிப், 260 ரூபாய். கூலி 300 கேட்டார். 500 கொடுத்தேன். வண்டியைப் பார்த்து ஒரு முறையும் அப்பாவைப் பார்த்து ஒரு முறையும் தலையாட்டிவிட்டுக் கிளம்பினார்.

இரும்புக்காரருக்கு நான் ஃபோன் செய்து வரவேண்டாம் என்றேன். மகன் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. காலண்டர் தாளை அவன் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வராந்தாவுக்குப் போய், "எப்படி தாத்தா எண்ணினீங்க?" என்று கேட்டான். அப்பா ஆரம்பித்தார். நடுவில் நின்றார். அவன் வாயைத் திறந்ததைப் பார்த்தேன். உடனே மூடிக்கொண்டதையும் பார்த்தேன். பதில் வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. "கேட் சத்தத்திலேர்ந்து" என்றார் அப்பா.

இப்போது வீட்டில் நாங்கள் காத்திருக்கப் பழகிக்கொண்டிருக்கிறோம். சுலபமாக இல்லை. நமக்குத் தெரிந்த பதிலைத் தொண்டையிலேயே நிறுத்திவைப்பது, நின்றுபோன வண்டியில் சாவியைத் தொடாமல் உட்கார்ந்திருப்பதை விடக் கஷ்டம். ஆனால் அவர் சொல்ல வந்தது பெரும்பாலும் நாங்கள் நினைத்தது இல்லை என்று தெரிந்துகொண்டோம். காபி இல்லை, ஃபேன் இல்லை. ஒரு நாள், ஆரணியில் அவருடைய அப்பா விற்ற நிலத்தைப் பற்றி. இன்னொரு நாள், அம்மாவின் கண்ணுக்கு ஆபரேஷனைத் தள்ளிப்போடவேண்டாம் என்பது.

ஆடிக் கிருத்திகை அன்று தேஹு ரோடு போனோம். மழை லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. அப்பா முன் ஸீட்டில், மடியில் அம்மா கட்டிக்கொடுத்த அர்ச்சனைப் பையுடன். நிக்டியில் ஒரு சிக்னலில் நின்றபோது கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பச்சை விழுந்தது, வண்டி நகர்ந்தது. திரும்பி வந்ததும் அவர் முதலில் போனது காலண்டரிடம். அன்றைய தேதிக்கு நேரே, வழக்கமான நடுங்கும் எழுத்தில், எண்ணுக்குப் பதிலாக ஒரு வார்த்தை எழுதியிருந்தார்: 'ஓடுது.'